மணிக்கூட்டுக்காரன் வந்த கிழமை

அக்கா,

போன ஞாயிறு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். என் கணவர் புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறார். புதிது என்பது எங்களுக்கு. காருக்கு ஆறு வயதாம். விற்றவன் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்று மூன்று தரம் சத்தியம் செய்தானாம். அவன் மூன்று தரம் செய்ததாலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தால், வெய்யிலில் கண்ணாடி பூட்டிக் கிடந்த காருக்குள்ளிருந்து வெந்த பிளாஸ்ரிக் மணம் முகத்தில் அடித்தது.

இவர் குளிர்காற்றைப் போட்டார். காற்று வருகிற அந்தச் சின்னக் கூட்டை என் விரல் தானாகப் போய்த் தடவியது. குறுக்கே ஐந்து தகடுகள். நடுத்தகடு கொஞ்சம் ஆடியது. "உது ஒழுங்காப் பூட்டுப்படேல்லை" என்றேன். "உமக்கு எதிலைதான் குறை இல்லை?" என்றார் இவர். ஸ்காபுரோவில் நானும் நீங்களும் வேலை செய்த தொழிற்சாலையில், அந்த லைனில் பூட்டிய கூடாகவும் இது இருக்கலாம். வீடு வந்து சேரும்வரை உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உங்களுக்கு எழுதுவது உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. உங்கள் கடைசி நான்கு வருடமும் உங்களோடு நான் ஒரு சொல் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதற்குக் காரணம் என்னிடம் இருந்தது. அந்தக் காரணத்தை நான் எவ்வளவு கவனமாகக் கட்டினேன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் வாசலில் காலை ஆறு மணிக்கு வான் வந்து நிற்கும். அதே நேரம் இவர் இரவு வேலை முடித்து வருவார். லிஃப்ட் வாசலில் பிள்ளையை என் கையிலிருந்து அவர் கைக்கு மாற்றுவோம். அந்த ஐந்து நிமிடம்தான் அப்போது எங்கள் குடும்ப வாழ்க்கை. சண்டை பிடிக்கவும் நேரம் இருக்கவில்லை. அது ஒன்றுதான் லாபம். வானுக்குள் எங்களைப் போலப் பத்துப் பெண்கள் இருப்பார்கள். நாட்டை விட்டு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள். முன் இருக்கையில், கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நீங்கள்.

வேலை சிக்கலானதல்ல. பின்பக்கத்தில் பெரிய மெசின்கள் பிளாஸ்ரிக்கை உருக்கிக் கூடுகளையும் தகடுகளையும் துப்பும். லைனில் நீங்கள் கூட்டைப் பார்த்து, ஊசியைப் பொருத்தி, என் பக்கம் தள்ளுவீர்கள். நான் ஐந்து தகடுகளையும் பூட்டுவேன். ஒவ்வொன்றும் உள்ளே போய் விழும்போது விரல் நுனியில் ஒரு சின்ன உதறல் வரும். அது வந்தால் சரி. சாந்தி எனக்கு அடுத்த இருக்கை. அவளை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தாள். கணவனை ஊரிலிருந்து கனடாவுக்கு எடுப்பிக்கப் படிவங்கள் நிரப்பிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்.

சாப்பாட்டு அறையில் இரண்டு மைக்ரோவேவ். ஊரில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்துப் பார்த்து வாழ்ந்த நாங்கள், அந்த இரண்டுக்கும் முன்னால் பெட்டியை ஏந்திக்கொண்டு ஒரே வரிசையில் நின்றோம். சங்கூதினால் எழும்பவேண்டும், சங்கூதினால் இருக்கவேண்டும். கோயிலும் பள்ளிக்கூடமும் செய்யாததை அந்தச் சங்கு செய்தது. அதற்காக நாங்கள் திருந்திவிட்டோம் என்று இல்லை. வரிசையில் நின்றபடியே "எவடம்?" என்று கேட்போம். "அங்கை எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். நான் அதில் கெட்டிக்காரி. மூன்றாவது கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவேன்.

உங்களிடமும் கேட்டேன். "மன்னார்" என்றீர்கள். "மன்னாரிலை எங்கை அக்கா?" நீங்கள் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்தீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லாதவர் எதையோ ஒளிக்கிறார் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நாங்கள் ஊர்க்கதை கதைத்துச் சிரிக்கும்போது நீங்கள் சேர மாட்டீர்கள். ஆனால் யார் கதைத்தாலும் அவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணைப் பார்க்க மாட்டீர்கள். வாயைத்தான். "உவ என்னத்துக்கு இப்பிடி வாயைப் பாக்கிறா? சொல்லைப் பொறுக்கிக்கொண்டு போய் ஆருக்கோ குடுக்கவோ?" என்று சாந்தியிடம் கேட்டேன். அவள் வெள்ளை மனம். "சும்மா இருங்கோ அக்கா" என்றாள்.

வாசலில் ஒரு பெட்டி நிறைய, காதுக்குள் வைக்கிற மஞ்சள் பஞ்சு வைத்திருப்பார்கள். கம்பனி சும்மா தருகிற எதையும் நான் எடுப்பதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த ரீசேர்ட்டையே மூன்று தரம் தோய்த்த பிறகுதான் போட்டேன். "உது நாங்கள் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காமல் இருக்கத்தான்" என்று நான் சொன்னதைக் கேட்டு, எங்கள் ஆட்கள் ஒருவரும் பஞ்சை எடுக்கவில்லை. நீங்கள் ஒருநாள் எழும்பி வந்து, உங்கள் காதைத் தொட்டுக் காட்டி, "வையுங்கோ பிள்ளையள், தயவுசெய்து வையுங்கோ" என்றீர்கள். நீங்கள் திரும்பியதும் நான் சொன்னேன், "பாத்தியளே, கம்பனிக்காகக் கதைக்கிறா."

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் என்னோடு கோபிக்கவில்லை. என் தயிர்ப் பெட்டி குளிர்பெட்டியிலிருந்து காணாமல் போய், நான் முழு அறையையும் விசாரணை செய்த அன்று, நீங்கள் என் முன்னால் வந்து இருந்து சொன்னீர்கள்: "எல்லாத்துக்குப் பின்னாலையும் ஒரு ஆள் நிக்கோணும் எண்டில்லைப் பிள்ளை." தயிரை வீட்டு மேசையிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பின்னேரம் தெரிந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மணிக்கூட்டுக்காரன் வந்தான்.

வெள்ளைச் சேர்ட்டும் ரையுமாக ஒரு மெலிந்த மனுசன். ஒரு கையில் அட்டையில் கொழுவிய கடதாசி. மறு கையில், அமத்தினால் ஓடி அமத்தினால் நிற்கிற மணிக்கூடு. ஒரு கிழமை முழுவதும் எங்களுக்குப் பின்னால் நிற்கப் போகிறான் என்றார்கள். நீங்கள் மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் தட்டச்சு வேலை பார்த்தவர். எங்கள் எல்லோரையும்விட உங்கள் ஆங்கிலம் நல்லது. அதனால் சுப்பவைசர் உங்களை எழுப்பி அவனோடு நிற்கவைத்தார். வழமைபோல வேலை செய்யும்படி எங்களுக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு.

நீங்கள் சொன்னது அதுவல்ல. அவன் சுப்பவைசரோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தபடி தமிழில் மெதுவாகச் சொன்னீர்கள்: "ஆறுதலாச் செய்யுங்கோ. அவசரப்படாதேங்கோ. ஆறுதலா."

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி என்னைப் பார்த்தாள்.

மணிக்கூடும் கடதாசியுமாக ஒருவன் வந்து பக்கத்தில் நின்றால், யாழ்ப்பாணத்தில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அது சோதனை. சோதனையில் ஆறுதலாக எழுது என்று யார் சொல்வார்? பக்கத்துப் பிள்ளை குறைந்த புள்ளி எடுக்கவேண்டும் என்று நினைக்கிறவர்தான். "எங்களை மெதுவாச் செய்யச் சொல்லிப்போட்டு, உவளவை சரியில்லை எண்டு எழுதுவிக்கப் போறா. விடாதை, காட்டு" என்றேன். லைன் முழுக்க அந்தச் சொல் போனது. அந்தக் கிழமை நாங்கள் வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்தீர்கள். தண்ணீர் குடிக்க எழும்பவில்லை. என் பெருவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டியது. மற்ற விரலால் அமத்தினேன். முதல் இருக்கையில் இருபது வருடம் இருந்த இத்தாலிக்கார மனுசி மட்டும் நித்திரையில் செய்வதுபோல ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். பாவம், கிழவிக்கு இனி ஏலாது என்று நாங்கள் சிரித்தோம். உங்கள் முகம் கறுத்துப் போயிருந்தது. உங்கள் திட்டம் பலிக்கவில்லை என்று நான் சந்தோசப்பட்டேன்.

அவன் ஒவ்வொருவருக்கும் பின்னால் நிற்பான். மணிக்கூட்டை அமத்துவான், எழுதுவான். கடதாசியிலிருந்து தலை எடுக்காமலே உங்களிடம் ஏதோ சொல்வான். நீங்கள் தலையாட்டுவீர்கள். அவன் அடுத்த ஆளிடம் போவான்.

இந்தக் காட்சியை வேறு யாராவது பார்த்திருந்தால் அது வெறும் தலையாட்டல். நான் பார்த்தேன் அக்கா. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த நாளில் எங்களைக் கோயில் வீதியில் இருத்தினார்கள். ஜீப்புக்குள் ஒருவர், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பெடியங்களை ஒவ்வொருவராக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். என் தம்பியின் முறை வந்தபோது சாக்கு மேலும் கீழும் அசைந்தது. அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களைத் தலையாட்டி என்போம். மன்னாரில் இருந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தம்பி திரும்பி வரவில்லை. அந்தச் சாக்குக்குள் யார் இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாத அந்த முகத்தை நான் பஸ்சில், கடையில், விமானத்தில், கோயிலில் தேடிக்கொண்டே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, வேலைக்கு வந்த நேரத்தை அட்டையில் அடிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். ஏழு பேருக்கு வேலை இல்லை. ஏழும் எங்கள் ஆட்கள். சாந்தியின் பெயர் நான்காவது.

அவள் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். கணவனை எடுப்பிக்கிற படிவத்தில் வேலை செய்கிற இடம் என்று அந்தக் கம்பனியின் பெயரைத்தான் எழுதியிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று அவள் அழுவதைக் கேட்டேன். எனக்குள் பழைய நெருப்பு பற்றியது. நேரே சாப்பாட்டு அறைக்கு வந்தேன்.

நீங்கள் சோடா விற்கிற மெசினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். மெசின் உறுமிக்கொண்டிருந்தது. நான் பின்பக்கமாக வந்து உங்கள் தோளுக்கு மேலால் குனிந்து கேட்டேன்: "எங்கட பிள்ளையளின்ர பேரைக் காட்டிக் குடுத்தது நீங்கள்தானே அக்கா?"

நீங்கள் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பினீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். இரண்டு தரம் தலையாட்டினீர்கள். பிறகு இரண்டு தோடம்பழச் சுளையைப் பிரித்து என்னிடம் நீட்டினீர்கள்.

செய்ததை ஒத்துக்கொண்டு பழமும் தருகிறாளே என்று நினைத்தேன். மன்னிக்கவேண்டும், மனதுக்குள் அன்று உங்களுக்கு மரியாதை இருக்கவில்லை. பழத்தை வாங்காமல் திரும்பி வந்து எல்லோருக்கும் சொன்னேன்: "நான் வாயாலை கேட்டன், உவ தலையாலை ஒத்துக்கொண்டா. தலையாட்டி."

அந்தச் சொல் ஒரு நாளில் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நாள் வானில் உங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நீங்கள் வந்து இருந்தால் நாங்கள் எழும்பினோம். நீங்கள் ஒவ்வொரு வாயாகப் பார்த்தீர்கள். உங்களுக்கு முன்னால் எல்லா வாயும் மூடியிருந்தது. ஒரு மாதம் பொறுத்தீர்கள். பிறகு சுப்பவைசரிடம் நீங்களாகவே கேட்டுக் கிறைண்டர் அறைக்கு மாறிப் போனீர்கள். பழுதான கூடுகளைத் திரும்ப உருக்குவதற்காக அரைக்கிற அறை அது. கதவைச் சாத்தினாலும் லைனில் இருக்கிற எங்களுக்குப் பல்லுக் கூசும். எனக்கு முந்தியே வந்து அங்கே மூன்று வருடம் நின்றவராம் நீங்கள். பழகிய ஆள் என்று விட்டார்களாம். மெசினோடு தனியாக நிற்கிற வேலை. அங்கே பக்கத்தில் யாரும் இருக்கவும் இல்லை, எழும்பிப் போகவும் இல்லை. "நல்லாக் கிடக்கட்டும்" என்றேன் நான்.

நான்கு மாதத்தில் இரண்டாவது கடதாசி ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது. நீங்கள் அப்போது லைன் பக்கமே வருவதில்லை. மணிக்கூட்டுக்காரனும் இல்லை. என் பெயருக்கு யாரும் தலையாட்டவில்லை. முதல் ஏழு பேரும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஏழு பேரும் எனக்குப் பின்னால் வந்தவர்கள். அவர்களுக்கு அடுத்தது நான். சேர்ந்த ஒழுங்கு அப்படியே தலைகீழாக இருந்தது. குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனாலும் "ஒளிச்சு நிண்டு ஏதும் செய்திருப்பா" என்று சொல்லிக்கொண்டுதான் அந்த வாசலைத் தாண்டினேன். ஒரு ஆளைப் பிடித்து வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை விட மனம் வருவதில்லை.

பிறகு லைனையே எடுத்துவிட்டு ஒரு இரும்புக் கையைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஐந்து தகட்டையும் ஒரே அமத்தில் பூட்டுமாம். அதற்குப் பிறகு கம்பனியே வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டடம் கொண்டாட்ட மண்டபம். போன வருடம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு அங்கே போனேன். லைன் இருந்த இடத்தில் மணவறை மாதிரிச் சோடித்து, பிள்ளையைச் சிம்மாசனத்தில் இருத்தியிருந்தார்கள். கிறைண்டர் அறை இருந்த பக்கம் ஒலிபெருக்கிகள். காது கிழிகிற சத்தம்.

எனக்கு ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்கிற வேலை கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயும் ஒருவன் மணிக்கூட்டோடு வந்தான். என் கை பழைய பழக்கத்தில் பறக்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற பிலிப்பினோ மனுசி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ருடே ஃபாஸ்ட், எவ்ரிடே ஃபாஸ்ட்" என்றாள். இன்றைக்கு ஓடிக் காட்டினால் இனி ஒவ்வொரு நாளும் ஓடவேண்டும், ஓடுகிற ஆட்களுக்குப் பாதிப் பேர் போதும் என்று கணக்குப் போடுவார்கள். இவ்வளவுதான் விசயம்.

பாண் என் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆறுதலாச் செய்யுங்கோ" என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து சொன்னீர்களே. சுப்பவைசரின் காதில் விழுந்திருந்தால் உங்கள் வேலை அன்றைக்கே போயிருக்கும். மூன்று பேரின் வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று அந்தக் கடதாசியில் எழுதுவித்தது நீங்கள் அல்ல, என் பத்து விரல். "விடாதை, காட்டு" என்று லைன் முழுக்கச் சொல்லி அனுப்பியது என் வாய். சாந்தியின் வேலையைப் பறித்தவளை நான் தேடிக்கொண்டு திரிந்தேன், அவளோ என் கதிரையில் இருந்தாள். சாக்குக்குள் இருக்கிற முகங்களைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, ஒரு மணிக்கூட்டைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அடுத்த நாளே உங்களிடம் ஓடி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தத் தலையாட்டல் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் என் பிழை என்றே வைத்துக்கொள்வோம். நான் நேரே கேட்டபோது ஏன் ஓம் என்று ஆட்டினீர்கள்? அதை ஒரு கயிறுபோலப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில மாதம் கழித்து ஒரு தமிழ்க் கடையில் உங்களைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றீர்கள். மெலிந்திருந்தீர்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பின்னால் வந்து "அக்கா" என்றேன். நீங்கள் திரும்பவில்லை. இன்னும் கிட்ட வந்து, கொஞ்சம் பலமாக, "அக்கா" என்றேன். ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக் கூடைக்குள் வைத்தீர்கள். அவ்வளவு பெருமை இருந்தால் இருக்கட்டும் என்று நானும் திரும்பிவிட்டேன். உண்மையில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாசி மாதம், அதே கடையில் எடுத்த இலவசப் பத்திரிகையின் மரண அறிவித்தலில் உங்கள் படம். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபுரோவை வதிவிடமாகவும் கொண்ட. ஆறு மாதமாக வருத்தத்தில் படுக்கையாம். நான் துக்கத்தில் செத்தவீட்டுக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். வானில் வந்த பழைய ஆட்களில் யார் யார் அங்கே வருகிறார்கள், உங்களைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. மாதா கோயில் பெண்கள் நான்கைந்து பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அந்த இத்தாலிக்கார மனுசி கறுப்பு உடுப்போடு இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். வாய் இலேசாகச் சிரிப்பதுபோலத்தான் வைத்திருந்தார்கள்.

உங்கள் மகள் வந்து என் கையைப் பிடித்தாள். இருபது வயது இருக்கும். உங்களைப் போலவே நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை. நான் பூப்போலச் சின்னக் குரலில் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் திடீரென்று சிரித்துவிட்டாள், கண்ணில் நீரோடு.

"சொறி அன்ரி. எல்லாரும் மெல்லமாக் கதைக்கினம். வீட்டிலை நான் கத்திக் கத்திப் பழகிட்டன். அம்மாக்குக் காது கேக்காது, யூ நோ? அந்தக் கிறைண்டர் ரூமாலை. முதல்லையே பாதி போயிட்டு. பிறகு திரும்ப அங்கை போனவ, ஐ டோன்ற் நோ வை. அதோடை எல்லாம் போச்சு."

அவள் என் கையை விடாமலே தொடர்ந்தாள்.

"வேலையிலை ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டை பிறொமிஸ் வாங்கினவ. தெரிஞ்சா வீட்டை அனுப்பிடுவினம் எண்டு பயம். வாயைப் பாத்துப் பாத்து விளங்கிக்கொள்ளுவா. வாய் தெரியாட்டி சும்மா ஸ்மைல் பண்ணி ஓம் எண்டு தலையாட்டிவிடுவா. ஷி வோஸ் ஸோ குட் அற் இற், ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை."

ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை அக்கா. ஒன்றரை வருடம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள், எப்போது சிரிக்கிறீர்கள், எதற்குப் பதில் சொல்லவில்லை என்று ஒன்றுவிடாமல் உளவு பார்த்த நானும் கண்டுபிடிக்கவில்லை. மணிக்கூட்டுக்காரன் கடதாசியைப் பார்த்தபடி சொன்ன ஒரு சொல்லும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அவன் எனக்குப் பின்னால் நின்றபோதும் ஆட்டினீர்கள். இத்தாலிக்கார மனுசிக்குப் பின்னால் நின்றபோதும் ஆட்டினீர்கள். அதை நான் வசதியாக மறந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று, உறுமுகிற மெசினுக்குப் பக்கத்தில், என் தம்பியின் சாவையும் சாந்தியின் அழுகையையும் சேர்த்து நான் கேட்ட அந்தக் கேள்விக்கு, பழம் தாங்கோ என்று நான் கேட்டதாக நினைத்துத்தான் நீங்கள் சுளையைப் பிரித்தீர்கள். மிச்சம் இருந்த காதையும் தின்னக் கொடுத்தது அந்த அறை. உங்களை அந்த அறைக்குள் அனுப்பியது நான்.

அப்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: "அன்ரி, நீங்கள் அம்மாவோடை வேலை செய்த ஃப்ரெண்டோ?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினேன். மேலும் கீழும், இரண்டு தரம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருதரம் எனக்கு ஃபோன் எடுக்கிறாள். அம்மா வேலையில் எப்படி இருந்தவ, ஆரோடை இருந்து சாப்பிட்டவ, என்ன கதைச்சுச் சிரிச்சவ என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன். நானும் நீங்களும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம் என்று சொன்னேன். வானில் நீங்கள் என் தோளில் சாய்ந்து நித்திரை கொள்வீர்கள் என்று சொன்னேன். போன கிழமை, தோடம்பழம் உரித்து முதல் சுளை எனக்குத்தான் தருவீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். அது மட்டும், ஒரே ஒருதரம், உண்மை. உள்ளதைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைக்கிறேன். "தாங்க்ஸ் அன்ரி, நீங்கள் ஒராள்தான் எனக்கு அம்மாவைப் பற்றிச் சொல்லுறியள்" என்று அவள் சொன்னதும் வாய் அடைத்துவிடுகிறது. இன்று பின்னேரமும் எடுப்பாள். அந்தப் பிள்ளைக்கு என் மேல் ஒரு சந்தேகமும் இல்லை அக்கா.